வக்கீல் ஆபீஸ் கணினி: அறிகுறியைப் பார்த்துக் குறையைப் பிடிக்கும் வழி

கோர்ட்டிலிருந்து ரிட்டர்ன் ஆகி வரும் மனுக்களில் எழுதியிருக்கும் குறைகளை இரண்டாகப் பிரிக்கலாம். அதிகார வரம்பு, கோர்ட் ஃபீஸ், காலவரையறை என்று எழுதியிருந்தால் அது சீனியர் பார்க்க வேண்டியது. ‘ஸ்கேன் தெளிவில்லை’, ‘பக்க எண் இன்டெக்ஸுடன் பொருந்தவில்லை’, ‘கோப்பு திறக்கவில்லை’ என்று எழுதியிருந்தால் அது குமாஸ்தாவும் டைப்பிஸ்டும் ஜூனியரும் பார்க்க வேண்டியது. இங்கே எழுதுவது இந்த இரண்டாவது வகையைப் பற்றி.

மாவட்ட நீதிமன்றத்துக்கு எதிரே இருக்கும் ஓர் அலுவலகத்தில் டைப்ரைட்டர் காலத்திலிருந்து வேலை பார்க்கிறேன். குறை கண்ணில் படும் இடம் ஒன்று, அது உண்டான இடம் வேறு. இ-ஃபைலிங்கில் கோப்பு ஏறவில்லை என்றால் இணையதளத்தைத் திட்டுகிறோம். ஆனால் தப்பு நடந்தது முந்தின நாள் ஸ்கேனரில் ஒரு பட்டனை மாற்றி அழுத்தியபோது. அதனால் ஒவ்வோர் அறிகுறிக்கும் அது எங்கே பிறக்கிறது என்பதையும் சேர்த்தே சொல்கிறேன்.

தொடங்கும் முன் ஒரு வேண்டுகோள். எந்தச் சிகிச்சையையும் மூலக் கோப்பில் செய்யாதீர்கள். ஒரு காப்பி எடுத்து, அதற்கு வேறு பெயர் கொடுத்து, அதில் செய்யுங்கள்.

தமிழில் அடித்த பிராது, இன்னொரு கணினியில் ஆங்கில எழுத்துக் கூட்டமாகத் தெரிகிறது

நம் அலுவலகங்களில் அதிக நேரத்தைத் தின்னும் சிக்கல் இதுதான். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் அடித்த கோப்புக்குள் உண்மையில் தமிழ் எழுத்தே கிடையாது. ஆங்கிலக் குறிகள்தான் இருக்கின்றன. அவற்றின் மேல் தமிழ் உருவத்தைப் போர்த்திக் காட்டுகிறது எழுத்துரு. பாமினியில் ‘தமிழ்’ என்று அடித்த சொல்லை அந்த எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி என ஐந்து குறிகள் வரிசையாக நிற்கும். கோப்பு கெட்டுப்போகவில்லை. போர்வை இல்லை, அவ்வளவுதான்.

உடனடியாகப் படிக்க வேண்டும் என்றால் வழி எளிது. வேர்டில் அந்தப் பத்தியில் கர்சரை வைத்து, மேலே எழுத்துருப் பெட்டியில் என்ன பெயர் இருக்கிறது என்று பாருங்கள். எழுத்துரு கணினியில் இல்லாவிட்டாலும் அதன் பெயர் அங்கே இருக்கும். அதே எழுத்துருவை நிறுவினால் தமிழ் தெரியும். பெயரைக் கவனிக்காமல் கைக்குக் கிடைத்த பழைய எழுத்துருவைப் போட்டால் வேறு ஏதோ தமிழ் தெரியும், அது இன்னும் ஆபத்து. ஒன்றிரண்டு எழுத்து மட்டும் மாறி, வாக்கியம் சரிபோலவே இருக்கும்.

நிரந்தரத் தீர்வு, எழுத்தையே தமிழாக வைக்கும் பொதுக் குறியீடான யூனிகோடுக்கு மாறுவது. தமிழ்நாடு அரசு யூனிகோடையும், டேஸ் 16 என்ற இன்னொரு தமிழ்க் குறியீட்டையும் தரமாக ஏற்றது 2010-இல். இத்தனை வருடம் கழித்தும் பல அலுவலகங்கள் பழைய எழுத்துருவை விடாததற்குக் காரணம் சோம்பல் இல்லை. டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஹையர் முடித்த விரல்கள் புது விசைப்பலகைக்கு மாற மறுக்கின்றன. அந்தக் கவலையே வேண்டாம். என்எச்எம் ரைட்டர் போன்ற இலவச மென்பொருளில் பழைய டைப்ரைட்டர் அமைப்பைத் தேர்ந்தெடுத்தால், விரல் பழகிய அதே இடங்களில் அடிக்கலாம். வெளியே வருவது யூனிகோடு. புதிதாகக் கற்பவர்கள் தமிழ் 99 என்ற விசைப்பலகை முறையைக் கற்றுக்கொள்ளட்டும். விண்டோஸ் 11-இல் அது கூடவே வருகிறது. மொழி அமைப்பில் தமிழைச் சேர்த்து விசைப்பலகையைத் தேர்ந்தெடுத்தால் போதும்.

அப்புறம் பழைய கோப்புகள். அவற்றை மாற்றித் தர கன்வர்ட்டர்கள் இருக்கின்றன. முழுக் கோப்பையும் அப்படியே கன்வர்ட்டரில் கொட்டாதீர்கள். நம் பிராதுகளில் தமிழும் ஆங்கிலமும் கலந்திருக்கும். ஆங்கிலத்தில் இருக்கும் சட்டப்பெயரும் வங்கிப் பெயரும் கன்வர்ட்டருக்குள் போனால் அர்த்தமில்லாத தமிழாக வெளியே வரும். வேர்டில் ஒரு தமிழ்ப் பத்தியில் கர்சரை வைத்து, ஹோம் பகுதியின் வலது ஓரத்தில் இருக்கும் செலக்ட் என்பதில், ஒரே மாதிரி வடிவமைப்புள்ள எல்லாவற்றையும் தேர்ந்தெடுக்கும் வசதி உண்டு. அதைக் கொண்டு பழைய எழுத்துருப் பகுதிகளை முதலில் கண்டுபிடித்து, அவற்றை மட்டும் பத்தி பத்தியாக மாற்றுங்கள்.

மாற்றியபின் சொத்து விவரத்தை மட்டும் விரல் வைத்துப் படியுங்கள். பாமினியில் சாய்கோட்டின் இடத்தில் ஆய்த எழுத்து இருக்கிறது. அதனால் சர்வே எண் 124/2 என்பது 124ஃ2 ஆகிவிடும். என் மேசையில் இப்படி ஒரு ஷெட்யூல் நான்கு எல்லையும் சரியாக, சர்வே எண்ணில் மட்டும் ஆய்தத்தோடு அச்சாகி நின்றது. ஜூனியர் வக்கீல் அம்மா கையெழுத்துக்குக் கொண்டுபோகும் முன் பார்த்ததால் தப்பித்தோம். தேதியில் இருக்கும் சாய்கோடும் இப்படியே போகும்.

பெயர் கோப்பில் இருக்கிறது, தேடினால் ‘இல்லை’ என்கிறது

யூனிகோடுக்கு மாறியவர்களுக்கு வரும் சிக்கல் இது. ‘கௌரி’ என்ற பெயரை எடுத்துக்கொள்ளுங்கள். சிலர் ஔகாரக் குறியைப் போட்டு அடிப்பார்கள். சிலர் ஒற்றைக்கொம்பு போட்டு, க போட்டு, பக்கத்தில் ள அடித்து ‘கெளரி’ என்று விடுவார்கள். திரையில் இரண்டும் ஏறக்குறைய ஒன்று. கணினிக்கு இரண்டு வேறு பெயர்கள். ஸ்ரீ என்ற எழுத்துக்கும் உள்ளே இரண்டு விதமான குறியீடு இருப்பதால் ஸ்ரீதரனைத் தேடினால் பாதி இடத்தில் சிக்க மாட்டார். டைப்ரைட்டரில் பழகியவர்கள் ர-வுக்குப் பதில் துணைக்காலையே அடிப்பதும் உண்டு.

தேடும்போது முழுப் பெயரையும் அடிக்காமல், சிக்கல் இல்லாத நடு எழுத்துகளை மட்டும் அடியுங்கள். பிரதிவாதி பெயரை மாற்றும்போது ‘ரீப்ளேஸ் ஆல்’ போட்டுவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள். அது தவறவிட்ட இரண்டு இடம் எங்காவது இருக்கும். அலுவலகத்தில் எல்லோரும் ஒரே விசைப்பலகை, ஒரே வழக்கம் என்று வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லை பெரும்பாலும் போய்விடும்.

கோப்பு பெரிதாக இருக்கிறது என்று இ-ஃபைலிங் ஏற்க மறுக்கிறது

ஸ்கேனருக்கு முன்னால் போய் நில்லுங்கள். கணக்கு அங்கேதான் இருக்கிறது. ஒரு ஏ4 பக்கத்தை 300 டிபிஐ-யில் (அங்குலத்துக்கு 300 புள்ளி) ஸ்கேன் செய்தால் குறுக்கே 2480, நெடுக்கே 3508 புள்ளிகள். மொத்தம் சுமார் 87 லட்சம். வண்ணத்தில் ஒரு புள்ளிக்கு மூன்று பைட் வேண்டும், ஆக சுருக்காத நிலையில் பக்கத்துக்கு 26 எம்பி. சாம்பல் நிறத்தில் அதில் மூன்றில் ஒரு பங்கு. கறுப்பு-வெள்ளையில் ஒரு எம்பியை ஒட்டித்தான் வரும், சுருக்கினால் இன்னும் மிகக் குறையும். 600 டிபிஐ வைத்தால் எல்லாமே நான்கு மடங்கு. முன்னால் ஸ்கேன் செய்தவர் வண்ணப் புகைப்படத்துக்காக 600 வைத்துவிட்டுப் போயிருப்பார். அடுத்தவர் அதைப் பார்க்காமல் எண்பது பக்க ஆவணத்தை ஏற்றியிருப்பார்.

ஆகவே டைப் செய்த பக்கங்களுக்கு 300 டிபிஐ, கறுப்பு-வெள்ளை. இதையே வழக்கமாக வையுங்கள். பிராது, அஃபிடவிட் போன்ற நாமே அடித்த பக்கங்களை அச்சிட்டு ஸ்கேன் செய்யவே வேண்டாம். வேர்டிலிருந்து நேரடியாகப் பிடிஎஃப் ஆக்குங்கள். கையெழுத்துப் பக்கத்தை மட்டும் ஸ்கேன் செய்து சேர்க்கலாம் என்றால் அப்படியே செய்யுங்கள். நூறு பக்கக் கோப்பு அதிலேயே பாதியாகக் குறையும்.

கறுப்பு-வெள்ளைக்கு ஒரு விலக்கு உண்டு. இதைக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களில் சார்பதிவாளர் அலுவலக முத்திரை ஊதா மையில் இருக்கும். நாற்பது வருடத்தில் அது வெளிறிப்போயிருக்கும். கறுப்பு-வெள்ளை ஸ்கேனில் வெளிறிய ஊதா, வெள்ளைக் கணக்கில் போய்விடும். முத்திரையே இல்லாத பத்திரமாகத் திரையில் நிற்கும். இப்படிப்பட்ட பக்கங்களைச் சாம்பல் நிறத்தில் எடுங்கள். அதிலும் தெரியவில்லை என்றால் அந்தப் பக்கத்தை மட்டும் வண்ணத்தில் எடுங்கள். இன்னொன்று, பத்திரத்தின் பின்பக்கம். பதிவு எண், புத்தகம், தாக்கல் செய்தவர் கைரேகை, அடையாளம் சொன்ன சாட்சிகள் எல்லாம் பெரும்பாலும் பின்பக்கத்தில்தான் எழுதியிருப்பார்கள். ஸ்கேனரில் தாளைத் தானே இழுக்கும் ஏடிஎஃப் தட்டில் கட்டாக வைத்து ஒருபக்க ஸ்கேன் கொடுத்தால் இத்தனையும் விடுபடும். பழைய முத்திரைத்தாளை ஏடிஎஃப்-இல் போடவும் கூடாது. மடிப்பில் கிழிந்தால் திரும்பக் கிடைக்காது. கண்ணாடி மேல் ஒவ்வொன்றாக வைத்து எடுங்கள், நேரம் ஆனால் ஆகட்டும்.

கோப்பைச் சுருக்கித் தருகிறோம் என்று இணையத்தில் நிறைய இலவசத் தளங்கள் இருக்கின்றன. கட்சிக்காரர் ஆவணத்தை அதில் ஏற்றாதீர்கள். வக்கீலிடம் கட்சிக்காரர் சொன்னதும் கொடுத்ததும் வெளியே போகக்கூடாது என்ற கடமை, பழைய சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதிநியம், 2023-இன் 132-ஆம் பிரிவில் இருக்கிறது. அந்தப் பிரிவு வக்கீலின் குமாஸ்தாவையும் ஊழியர்களையும் பெயர் சொல்லியே சேர்க்கிறது. நம்மையும்தான். விவாகரத்து மனுவை எங்கோ இருக்கும் ஒரு சர்வருக்கு அனுப்பிவிட்டு அது அழிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டிருப்பது சரியில்லை. நாப்ஸ்2 என்று ஓர் இலவச மென்பொருள் இருக்கிறது. ஸ்கேன், பக்கங்களை அடுக்குவது, தரத்தைக் குறைப்பது, பிடிஎஃப்/ஏ (நீண்ட நாள் சேமிப்புக்கான பிடிஎஃப் வகை) ஆகச் சேமிப்பது எல்லாம் நம் கணினிக்குள்ளேயே நடக்கும்.

அளவு வரம்பு எவ்வளவு என்பதை மனப்பாடத்தில் வைக்காதீர்கள். பதிவேற்றும் திரையிலேயே எழுதியிருக்கும்; ஒவ்வொரு தடவையும் அதைப் பாருங்கள். வரம்பு தாண்டினால் தரத்தைக் கெடுத்துச் சுருக்குவதைவிட, ஆவணங்களைத் தனித்தனிக் கோப்பாகப் பிரிப்பது நல்லது.

‘தேடக்கூடிய பிடிஎஃப் இல்லை’ என்று ரிட்டர்ன் வந்திருக்கிறது

சோதனை ஒரே நொடிதான். கோப்பைத் திறந்து ஒரு வரியின் மேல் மவுஸை இழுங்கள். சொற்கள் நீலமாகத் தேர்வானால் உள்ளே எழுத்து இருக்கிறது. ஒன்றுமே தேர்வாகவில்லை, அல்லது முழுப் பக்கமும் ஒரே படமாகத் தேர்வானால் அது வெறும் புகைப்படம். ஓசிஆர் செய்ய வேண்டும், அதாவது படத்தில் இருப்பதைக் கணினியே படித்து எழுத்தாக்க வேண்டும்.

நாப்ஸ்2-வில் ஓசிஆர் பகுதியைத் திறந்து ஆங்கிலம், தமிழ் இரண்டையும் இறக்கிக்கொள்ளலாம். இறக்கியபின் இணையம் தேவையில்லை. இரண்டு மொழியையும் ஒன்றாகத் தேர்ந்தெடுங்கள். ஆங்கிலத்தை மட்டும் விட்டால் தமிழ்ப் பக்கத்தில் ஏதோ குறிகளாகப் பொறுக்கி வைக்கும். அச்சடித்த தமிழ் ஓரளவு நன்றாக வரும். பத்திர எழுத்தர் கையால் எழுதிய பழைய தமிழ் வராது. அதற்காக நேரம் செலவிடாமல், சொந்தமாக ஒரு தட்டச்சுப் பிரதி எடுத்து இணைப்பதே வழி.

கையெழுத்து: மஞ்சள் கேள்விக்குறி, காணாமல் போன டோக்கன்

வில்லங்கச் சான்றையோ நீதிமன்ற உத்தரவின் டிஜிட்டல் பிரதியையோ திறந்தால், கையெழுத்து இருக்கும் இடத்தில் மஞ்சள் கேள்விக்குறி. கட்சிக்காரர் ‘போலியா?’ என்று பயந்துவிடுவார். போலி என்று அதற்கு அர்த்தம் இல்லை. கையெழுத்திட்டவரின் சான்றிதழை நம்பலாமா என்று நம் கணினியில் இருக்கும் அக்ரோபாட் ரீடருக்குத் தெரியவில்லை. கையெழுத்தின் மேல் வலது கிளிக் செய்து, சிக்னேச்சர் பிராப்பர்டீஸ், அப்புறம் ஷோ சைனர்ஸ் சர்டிஃபிகேட். இடப்பக்கம் தெரியும் பட்டியலில் மேலே சிசிஏ இந்தியா (டிஜிட்டல் சான்றிதழ்களுக்கான அரசின் மூல அமைப்பு) என்று இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அதைத் தேர்ந்தெடுத்து, டிரஸ்ட் என்ற பகுதியில் நம்பகமானவற்றோடு சேர்க்கச் சொல்லுங்கள். பிறகு வேலிடேட் கொடுத்தால் பச்சை டிக் வரும். மேலே அந்தப் பெயர் இல்லை என்றால் சேர்க்காமல் சீனியரிடம் காட்டுங்கள். பிரவுசரில் திறந்து பார்த்தால் இந்தச் சோதனையே நடக்காது, ரீடரில்தான் திறக்க வேண்டும். சிவப்புக் குறி வந்தால் அது வேறு விஷயம். கையெழுத்துக்குப் பிறகு கோப்பு மாறியிருக்கலாம். மூல இடத்திலிருந்து மறுபடி இறக்குங்கள்.

நாம் போட்ட கையெழுத்தே காணவில்லை என்றால், யாரோ கையெழுத்திட்ட பிறகு கோப்பை மெர்ஜ் செய்திருக்கிறார்கள், அல்லது பிரிண்ட் டு பிடிஎஃப் கொடுத்திருக்கிறார்கள். இரண்டிலும் கையெழுத்தின் உருவம் மட்டும் மிஞ்சும், அல்லது அதுவும் போகும். வரிசை இதுதான்: முதலில் எல்லாவற்றையும் சேர்ப்பது, அடுத்து பக்க எண் போடுவது, பிறகு இன்டெக்ஸைச் சரிபார்ப்பது, கையெழுத்து கடைசியில். பக்க எண் இன்டெக்ஸோடு பொருந்தாத குறையும் இந்த வரிசை தப்பினால்தான் வருகிறது.

டிஜிட்டல் கையெழுத்தின் சாவி இருக்கும் யூஎஸ்பி டோக்கனைச் செருகியும் கணினி கண்டுகொள்ளவில்லையா? யூஎஸ்பி ஹப்பில் இருந்தால் எடுத்து நேரடியாகக் கணினியின் வேறு ஒரு போர்ட்டில் செருகுங்கள். டோக்கனில் விளக்கு எரிந்தும் சான்றிதழ் பட்டியலில் வராவிட்டால் அந்த டோக்கனுக்கான டிரைவர் இல்லை. சான்றிதழ் தெரிந்தும் கையெழுத்து விழாவிட்டால் காலாவதித் தேதியைப் பாருங்கள். கடவுச்சொல் தப்பு என்று வந்தால் ஊகித்து ஊகித்து அடிக்க வேண்டாம். சில தடவை தப்பானால் டோக்கன் பூட்டிக்கொள்ளும், வழங்கியவரிடம்தான் போக வேண்டும்.

ஆதார் ஓடிபி வழியாக இ-சைன் செய்பவர்களுக்குச் சிக்கல் நேரம்தான். ஓடிபி சீனியரின் ஃபோனுக்கு வரும். சீனியர் கோர்ட் ஹாலில் குறுக்கு விசாரணையில் இருப்பார், ஃபோன் அணைந்திருக்கும். கையெழுத்து வேலையைக் காலை பத்து மணிக்கு முன்னால் வையுங்கள். ஓடிபியையோ டோக்கன் கடவுச்சொல்லையோ அலுவலக வாட்ஸாப் குழுவில் போட வேண்டாம். டிஜிட்டல் கையெழுத்தின் சாவி தன் கட்டுப்பாட்டை விட்டுப் போகாமல் பார்த்துக்கொள்வது கையெழுத்துக்காரரின் பொறுப்பு என்று தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000-இன் 42-ஆம் பிரிவு சொல்கிறது. அவரை அந்தச் சங்கடத்தில் நாம் மாட்டிவிடக்கூடாது.

ஹேஷ் மதிப்பு பொருந்தவில்லை

செல்ஃபோன் ஒலிப்பதிவு, சிசிடிவி காட்சி, வாட்ஸாப் படம் எதன் காப்பியைச் சான்றாகத் தாக்கல் செய்தாலும் சான்றிதழ் வேண்டும். முன்பு இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு. 1 ஜூலை 2024 முதல் புதுச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தின் 63(4). இந்தச் சான்றிதழ் கட்டாயம் என்பதை அர்ஜுன் பண்டித்ராவ் வழக்கில் 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. புதுச் சட்டத்தின் அட்டவணையில் இருக்கும் படிவத்துக்கு இரண்டு பாகம்: ஏ பாகம் தரப்பினருக்கு, பி பாகம் வல்லுநருக்கு. இரண்டிலும் ஹேஷ் மதிப்பை எழுத வேண்டும். ஹேஷ் என்பது கோப்பின் கைரேகை மாதிரி. உள்ளே ஒரு புள்ளி மாறினாலும் ரேகை முழுக்க மாறும்.

நீங்கள் எடுத்த மதிப்பும் வல்லுநர் எடுத்த மதிப்பும் வேறாக இருந்தால் முதலில் எழுத்துகளை எண்ணுங்கள். எம்டி5 என்றால் 32, எஸ்எச்ஏ-1 என்றால் 40, எஸ்எச்ஏ-256 என்றால் 64. நீளமே வேறு என்றால் இருவரும் வேறு வேறு முறையில் எடுத்திருக்கிறீர்கள், அவ்வளவுதான். படிவத்தில் எதை டிக் செய்தீர்களோ அதிலேயே இருவரும் எடுங்கள். நீளம் ஒன்றாக இருந்தும் மதிப்பு வேறு என்றால் கோப்பே வேறு.

அது எப்படி வேறானது? பெரும்பாலும் வாட்ஸாப் வழியாகத்தான். படமாக அனுப்பினால் அது சுருக்கி அனுப்பும். போய்ச் சேர்வது புதுக் கோப்பு. டாக்குமெண்ட் என்று தேர்ந்தெடுத்து அனுப்பினால் மாறாது. கணினியில் படத்தைத் திறந்து நிமிர்த்தி வைத்துச் சேமித்தாலும் மாறும். வேர்ட் கோப்பைத் திறந்து சும்மா ஒரு சேவ் கொடுத்தாலும் மாறிவிடலாம். பெயரை மட்டும் மாற்றினால் மாறாது, பென்டிரைவுக்குக் காப்பி செய்தாலும் மாறாது.

ஆகவே கட்சிக்காரர் ஃபோனோடு வந்து உட்காரும்போதே கேபிள் போட்டு நேரடியாகக் கணினிக்கு எடுங்கள். திறந்து பார்க்கும் முன் ஹேஷ் எடுங்கள். 7-ஸிப் நிறுவியிருந்தால் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து அங்கேயே எஸ்எச்ஏ-256 எடுக்கலாம். மதிப்பைக் கையால் பார்த்து எழுதாதீர்கள், காப்பி செய்து ஒட்டுங்கள். 64 எழுத்தில் ஒரு 8-ஐ பி என்று வாசித்துவிட்டால் போதும், எதிர்த்தரப்பு வக்கீலுக்கு அரை மணி நேரக் கேள்வி கிடைத்துவிடும். ஃபோனில் இருக்கும் மூலத்தை அழிக்க வேண்டாம் என்று கட்சிக்காரரிடம் வாயால் சொல்லி, எழுதியும் கொடுங்கள். இடம் போதவில்லை என்று வீட்டுப் பிள்ளைகள் அழித்துவிடுவார்கள்.

வழக்கு இருக்கிறது, இ-கோர்ட்ஸில் வரவில்லை

நீதிமன்றங்களின் இ-கோர்ட்ஸ் தளத்தில் ஒவ்வொரு வழக்குக்கும் இருக்கும் சிஎன்ஆர் எண் பதினாறு இடம் கொண்டது. முதல் இரண்டு மாநிலம், அடுத்த இரண்டு மாவட்டம், அடுத்த இரண்டு நீதிமன்றம், பிறகு ஆறு இலக்கம், கடைசி நான்கு ஆண்டு. எண்ணிப் பாருங்கள், பதினைந்துதான் இருந்தால் நடுவில் ஒரு பூஜ்யம் விடுபட்டிருக்கும். பூஜ்யத்துக்குப் பதில் ஆங்கில ஓ அடித்திருப்பதும் சகஜம்.

எண்ணே தெரியாவிட்டால் தரப்பினர் பெயரில் தேடுங்கள். பெயரை முழுதாக அடித்தால்தான் சிக்கல். தமிழ்ப் பெயரை ஆங்கிலத்தில் ஏற்றியவர் எப்படி எழுத்துக்கூட்டினார் என்று நமக்குத் தெரியாது. இனிஷியலை விட்டுவிட்டு முதல் மூன்று எழுத்தும் ஆண்டும் கொடுங்கள், பட்டியல் நீளமாக வந்தாலும் கண்ணால் பிடித்துவிடலாம். வழக்கு எண் போட்டும் வரவில்லை என்றால் ஓ.எஸ். (அசல் வழக்கு) இருக்க வேண்டிய இடத்தில் ஐ.ஏ. (இடைக்கால மனு) தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா, இன்னும் நம்பர் ஆகாத (வழக்கு எண் விழாத) மனுவா என்று பாருங்கள். நம்பர் ஆகாததை ஃபைலிங் எண்ணில்தான் தேட வேண்டும். திரையில் வாய்தா தேதி வந்தாலும் டைரியில் குறிக்கும் முன் அன்று கோர்ட்டில் இருந்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

நம் கணினியில் ஐந்து பக்கம், டைப்பிங் சென்டரில் ஆறு பக்கம்

வேர்ட் கோப்பைக் கொண்டுபோனீர்கள். அங்கே எழுத்துரு இல்லை, அல்லது தாள் அளவு லீகல் என்று இருக்கிறது. அச்சிட வெளியே கொடுக்கும் எதையும் பிடிஎஃப் ஆகவே கொடுங்கள். பிடிஎஃப் கொடுத்தும் ஓரம் தவறினால் பிரிண்ட் பெட்டியில் ‘ஃபிட்’ தேர்வாகியிருக்கும். ‘ஆக்சுவல் சைஸ்’ வையுங்கள். உச்ச நீதிமன்றத்துக்குப் போகும் தாள்களுக்கு 1 ஏப்ரல் 2020 முதல் ஏ4, இருபக்க அச்சு, டைம்ஸ் நியூ ரோமன் 14, ஒன்றரை வரி இடைவெளி, இடமும் வலமும் 4 செ.மீ., மேலும் கீழும் 2 செ.மீ. என்பது கணக்கு. ‘ஃபிட்’ போட்டால் இந்த 4 செ.மீ. நிற்காது. முதல் தாள் வந்ததும் ஸ்கேலை வைத்து அளந்துவிட்டு மீதியை அச்சிடுங்கள். இருபக்க அச்சில் பின்பக்கம் தலைகீழாக வந்தால் ‘லாங் எட்ஜ்’ என்று மாற்ற வேண்டும்.

கறுப்புப் பட்டை போட்டு மறைத்தது வெளியே தெரிகிறது

வேர்டில் கறுப்பு ஹைலைட் போட்டோ, பிடிஎஃப் மேல் கறுப்புப் பெட்டி வரைந்தோ ஆதார் எண்ணை மறைத்தால், அடியில் எண் அப்படியே இருக்கிறது. அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்து நோட்பேடில் ஒட்டிப் பாருங்கள், வந்துவிடும். ஆதாருக்குக் கடைசி நான்கு இலக்கம் மட்டும் தெரியும் மறைப்புப் பிரதியை ஆதார் இணையதளத்திலேயே இறக்கலாம். மற்றவற்றுக்கு, வேர்டிலேயே அந்தச் சொல்லை அழித்துவிட்டுப் புள்ளிக்கோடு போட்டுப் பிடிஎஃப் எடுங்கள். ஸ்கேன் ஆவணமானால் ஜெராக்ஸ் பிரதியில் மார்க்கரால் அடித்து, அதை மறுபடி ஜெராக்ஸ் எடுத்து ஸ்கேன் செய்யுங்கள். பாலியல் குற்ற வழக்குகளிலும் போக்சோ வழக்குகளிலும் இதில் கவனக்குறைவே கூடாது. பாதிக்கப்பட்டவரின் அடையாளத்தை வெளிப்படுத்துவது, பழைய தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதா 72-ஆம் பிரிவின்படி குற்றம். கோப்பின் பெயரிலும் அந்தப் பெண்ணின் பெயர் இருக்கக்கூடாது. நாம் ‘இன்னார் வழக்கு’ என்று சேமிக்கும் பழக்கத்தில் அங்கேதான் தவறு நடக்கிறது.

பழைய பிராதின் மேலேயே புதியதைச் சேமித்துவிட்டேன்

பழைய வழக்கின் கோப்பைத் திறந்து, பெயர்களை மாற்றி, பழக்கதோஷத்தில் சேவ் அழுத்தியாயிற்று. கை பதறி கோப்பை மூடிவிடாதீர்கள். மூடாத வரை கண்ட்ரோல் இசட் வேலை செய்யும், சேவ் செய்த பிறகும். புதியதை முதலில் ஒரு காலிக் கோப்பில் ஒட்டி வேறு பெயரில் வைத்துக்கொண்டு, பிறகு இதில் பழைய நிலை வரும்வரை பின்னால் போய்ச் சேமியுங்கள். மூடிவிட்டீர்களானால் ஃபோல்டரில் கோப்பின் மேல் வலது கிளிக் செய்து பிராப்பர்டீஸில் பழைய பதிப்புகள் இருக்கிறதா பாருங்கள். ஒன்டிரைவில் இருக்கும் கோப்புக்குப் பதிப்பு வரலாறு இருக்கும். சேமிக்காமலே மின்சாரம் போன புதுக் கோப்பென்றால் வேர்டில் ஃபைல், இன்ஃபோ, மேனேஜ் டாக்குமெண்ட் வழியாகச் சேமிக்காதவற்றை மீட்கும் இடத்துக்குப் போங்கள். வேர்ட் பத்து நிமிடத்துக்கு ஒருமுறைதான் தானாக எடுத்து வைக்கும். ஆப்ஷன்ஸில் அதை இரண்டு நிமிடமாக மாற்றிவிடுங்கள்.

பென்டிரைவில் ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட் ஆகிவிட்டது

வெளியே அச்சிடக் கொடுத்துவிட்டு வந்த பென்டிரைவில் இது நடக்கும். அந்த ஷார்ட்கட்டைக் கிளிக் செய்யாதீர்கள், கிளிக் செய்தால்தான் வைரஸ் உங்கள் கணினிக்குள் வரும். ஃபைல்கள் போகவில்லை, மறைந்திருக்கின்றன. ஃபோல்டர் ஆப்ஷன்ஸில் மறைந்தவற்றைக் காட்டச் சொல்லி, அதோடு ‘பாதுகாக்கப்பட்ட சிஸ்டம் கோப்புகளை மறை’ என்பதில் இருக்கும் டிக்கையும் எடுங்கள். மங்கலாக உங்கள் ஃபோல்டர் தெரியும். அதிலிருந்து வேர்ட், பிடிஎஃப் கோப்புகளை மட்டும் எடுத்துக்கொண்டு, ஆன்டிவைரஸ் ஓட்டிவிட்டு, பென்டிரைவை ஃபார்மேட் செய்துவிடுங்கள். எடுத்தபின் அந்த டிக்கைப் பழையபடி வைக்க மறக்காதீர்கள்.

எங்கள் அலுவலகத்தில் இப்போது வெளியே போவதற்கென்றே ஒரு சிவப்பு பென்டிரைவ் இருக்கிறது. அன்றைக்கு அச்சிட வேண்டிய பிடிஎஃப் தவிர அதில் வேறு எதுவும் இருக்காது. திரும்பி வந்ததும் முதல் வேலை அதைக் காலி செய்வது.